லீகலா இருக்கீங்க சரி, தூங்குனீங்களா? - வாசகர் கேள்வி பதில்

2025 டிசம்பர்ல இண்டிகோ ஃபிளைட்டுங்க கேன்சலாகி ஏர்போர்ட்டுல ஜனங்க பட்ட அவதிக்கு அப்புறம் இந்த பகுதிக்கு வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல பைலட், ரோஸ்டர் (டியூட்டி பட்டியல்), ரெஸ்ட் பத்திதான் இருக்கு. அதனால இந்த தடவை அதை மட்டும் எடுத்துக்கறேன். முதல்லயே சொல்லிடறேன், நான் பைலட் இல்ல. 21 வருஷம் க்ரூ ஷெட்யூலிங்ல, அதாவது யார் எந்த ஃபிளைட்டுக்கு போகணும்னு போடற இடத்துல இருந்தவ. பைலட்டுங்களை ராத்திரி எழுப்பி டியூட்டிக்கு கூப்பிடற போன் வருதே, அதுல பேசறது என் குரலாத்தான் இருக்கும். அந்த பக்கம் இருந்து பார்த்ததை வச்சுத்தான் பதில் சொல்றேன். பேர் போட வேண்டாம்னு பல பேர் கேட்டதால எல்லாருக்கும் ஊர் மட்டும்தான் போட்டிருக்கு.

கேள்வி (தாம்பரம் வாசகி): மேடம், டிசம்பர் 5-ஆம் தேதி என் பொண்ணுக்கு டெல்லியில இன்டர்வியூ. 11 மணி நேரம் சென்னை ஏர்போர்ட் தரையில உக்காந்திருந்தோம், கடைசியில கேன்சல்னு சொல்லிட்டாங்க. பைலட்டுங்களுக்கு ரெஸ்ட் குடுக்கணும்னு புது சட்டமாம், அதான் ஆள் இல்லையாம். அவங்க ரெஸ்ட் எடுக்க நாங்க ஏன் தவிக்கணும்?

பதில்: உங்க பொண்ணு விஷயம் ரொம்ப வருத்தமா இருக்கும்மா. அந்த இன்டர்வியூவை வேற தேதியில வச்சாங்களான்னு எழுதுங்க. ஆனா கோபம் போக வேண்டிய இடம் பைலட் இல்ல.

அந்த சட்டம் டிசம்பர்ல திடீர்னு வந்து குதிக்கல. விமானங்களை கண்காணிக்கற மத்திய அரசு அமைப்பு டிஜிசிஏ அதை அறிவிச்சது 2024 ஜனவரியில. 2024 ஜூன் 1-லயே அமலுக்கு வந்திருக்கணும். ஏர்லைன்ஸ் எல்லாம் ஆள் பத்தாது, டைம் வேணும்னு கேட்டுச்சு, தள்ளிப் போச்சு. பைலட் சங்கங்க டெல்லி ஹைகோர்ட்டு வரைக்கும் போய் நின்னதுக்கு அப்புறம்தான் ரெண்டு கட்டமா கொண்டு வரோம்னு ஒத்துக்கிட்டாங்க. முதல் கட்டம் 2025 ஜூலை 1, ரெண்டாவது கட்டம் நவம்பர் 1. அறிவிச்ச நாள்ல இருந்து கணக்கு போட்டா கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். இத்தனை விமானத்துக்கு இத்தனை பைலட் வேணும், புது விதி வந்தா இன்னும் இத்தனை பேர் வேணும்ங்கற கணக்கை போட வேண்டியது கம்பெனி. ஒரு கேப்டன் தயாராக வருஷக்கணக்குல ஆகும், கடைசி மாசத்துல கடையில வாங்கிட்டு வர முடியாது.

என்ன மாறுச்சுன்னா, வார ஓய்வு 36 மணி நேரம் இருந்தது 48 ஆச்சு. ராத்திரின்னா 12-ல இருந்து 5 வரைக்கும்னு இருந்தது 6 வரைக்கும்னு ஆச்சு. ராத்திரி டியூட்டியில 6 லேண்டிங் வரைக்கும் பண்ணலாம்னு இருந்தது 2-ன்னு ஆச்சு. இந்த கடைசி விஷயம்தான் பெரிய அடி. முன்னாடி ஒரே செட் ஆளுங்க ராத்திரி கிளம்பி ஒரு ஊர், அங்கிருந்து இன்னொரு ஊர், திரும்ப இங்கன்னு மூணு நாலு தடவை ஏறி இறங்கி விடியக்காலைல வீட்டுக்கு போவாங்க, இப்ப ரெண்டு தடவை இறங்கினா முடிஞ்சுது, அடுத்ததுக்கு வேற செட் ஆளு வேணும். அந்த வேற செட் ஆளு இருந்திருந்தா நீங்க தரையில உக்காந்திருக்க மாட்டீங்க.

இண்டிகோ அப்ப தினமும் 2200-க்கு மேல ஃபிளைட் ஓட்டின கம்பெனி, நாட்டுல பறக்கற மூணு பேர்ல ரெண்டு பேர் கிட்டத்தட்ட அதுலதான் போனாங்க. அங்க கணக்கு தப்புச்சுன்னா நாடே நிக்கும், நின்னுச்சு. நீங்க உக்காந்திருந்த அந்த ஒரு நாள்ல மட்டும் ஆயிரத்துக்கு மேல ஃபிளைட் கேன்சல். அப்புறம் என்ன ஆச்சு? ராத்திரி விதியில இருந்து அந்த கம்பெனிக்கு மட்டும் 2026 பிப்ரவரி 10 வரைக்கும் விலக்கு குடுத்தாங்க, கூடவே ஷெட்யூலை 10 சதவீதம் குறைக்கவும் சொன்னாங்க. ஜனங்க தவிக்கறாங்க, வேற வழி இல்லைன்னு சொன்னாங்க, அது எனக்கு புரியுது. ஆனா தூக்கக் கலக்கத்துல விமானம் ஓட்டக் கூடாதுன்னு போட்ட விதிய கூட்டம் கூடுச்சுன்னு தளர்த்தினது எனக்கு இன்னைக்கும் வயித்த கலக்குது. ஆள் இல்லாம போனது யாரு குத்தமோ அவங்களுக்கு கெடு நீண்டுச்சு, தூங்க வேண்டிய பைலட்டுக்கு நேரம் குறைஞ்சுச்சு.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): ரெண்டு டியூட்டிக்கு நடுவுல 12 மணி நேரம் ரெஸ்ட்டுன்னு படிச்சேன். நான் மில்லுல ஷிஃப்ட் பாக்கறவன், எனக்கும் அவ்வளவுதான் கிடைக்குது. 12 மணி நேரம் பத்தாதாங்க?

பதில்: அண்ணா, உங்களுக்கும் அது பத்தாதுன்னுதான் நான் சொல்லுவேன். அந்த 12 எங்க போகுதுன்னு ஒரு நாள் எடுத்துப் பார்ப்போம். டியூட்டி மதியம் 3 மணிக்கு முடியுதுன்னு பேப்பர்ல இருக்கும். கேப் வந்து, டிராஃபிக் தாண்டி வீட்டுக்கு போய் சேர 4:30. குளிச்சு சாப்பிட்டு உக்காரும்போது 5:30. அடுத்த ரிப்போர்ட்டிங் விடியக்காலை 3 மணின்னா பிக்-அப் கேப் 1:45-க்கு வாசல்ல நிக்கும், அதுக்கு 1 மணிக்கு எழுந்திரிக்கணும். நடுவுல மிச்சம் ஏழரை மணி நேரம். அதுவும் எப்போ? சாயங்காலம் 5:30-ல இருந்து ராத்திரி 1 வரைக்கும். புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்து கத்தற நேரம், மேல் வீட்டுல டிவி ஓடற நேரம். போதாக்குறைக்கு நம்ம உடம்பு சாயங்காலம் 6-ல இருந்து 9 வரைக்கும் தூங்கவே விடாது, படுத்தாலும் ஃபேனைத்தான் பாத்துக்கிட்டு கிடப்போம். பத்து மணிக்கு மேல கண் அசந்தா மூணு மணி நேரம்தான் தூக்கம். பேப்பர்ல 12, உடம்புல 3.

அதே மாதிரி ராத்திரி 2-ல இருந்து 6 வரைக்கும் உடம்பு இறங்கி கிடக்கற நேரம். எத்தனை நாள் பழகினாலும் அந்த நேரத்துல கையும் புத்தியும் மெதுவாத்தான் ஓடும். 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கறவனோட கை வேகம், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவனோட வேகத்துக்கு சமமா இறங்குதுன்னு 1997-லயே ஆராய்ச்சி பண்ணி காட்டிட்டாங்க. குடிச்சிட்டு வந்தவனை ஊதச் சொல்லி கண்டுபிடிச்சு வீட்டுக்கு அனுப்பிடறோம். தூங்காம வந்தவனை கண்டுபிடிக்க மெஷின் கிடையாது, அவரே வாயத் திறந்து சொன்னாத்தான் தெரியும்.

கேள்வி (சென்னை வாசகி): என் வீட்டுக்காரர் பைலட். முந்தின நாள் நாலு செக்டர் (நாலு தடவை ஏறி இறங்கி) பண்ணிட்டு வந்தார். ராத்திரி குழந்தைக்கு ஜுரம், ரெண்டு பேரும் தூங்கல. காலைல 4 மணிக்கு அவருக்கு ஸ்டாண்ட்பை (கூப்பிட்டா கிளம்பத் தயாரா இருக்கணும்) ஆரம்பம், 4:05-க்கு போன் வந்திடுச்சு. ஃபடீகா (தூக்கமில்லாத களைப்பு) இருக்கு, வர முடியாதுன்னு சொன்னார். அந்த பக்கம் இருந்து, "கேப்டன், ரெக்கார்டுல நீங்க லீகலா இருக்கீங்க, வேணும்னா சிக்குன்னு போட்டுக்கட்டுமா"ன்னு கேட்டாங்க. பத்து நிமிஷம் வாக்குவாதம், கடைசியில கிளம்பிப் போயிட்டார். அவர் திரும்பி வர வரைக்கும் நான் போனையே கையில வச்சிட்டு உக்காந்திருந்தேன். வரலைன்னு சொன்னது தப்பா?

பதில்: தப்பே இல்லம்மா. தன்னால முடியலைன்னு தெரிஞ்சா பறக்கக் கூடாதுங்கறது எந்த நாட்டு சட்டத்துலயும் பைலட்டோட கடமை, அவருக்கு யாரும் போடற சலுகை இல்ல.

அந்த "சிக்குன்னு போட்டுக்கட்டுமா" இருக்கே, அதை நானும் எத்தனையோ பேர் கிட்ட கேட்டிருக்கேன். அது உதவி மாதிரி கேக்கும், ஆனா உதவி இல்ல. சிக்குன்னு போட்டா அவர் லீவுல கழியும், டாக்டர் சீட்டு கேப்பாங்க, மாசக் கடைசியில "இவர் அடிக்கடி சிக் ஆகறார்"னு ஒரு லிஸ்ட்டுல பேர் வரும். ஃபடீக்னு போட்டா அது கம்பெனி போட்ட ரோஸ்டர் மேல வர்ற புகார், அது டிஜிசிஏ வரைக்கும் போகணும். 2024 விதியில மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஃபடீக் ரிப்போர்ட் எத்தனை வந்துச்சு, என்ன பண்ணீங்கன்னு ஏர்லைன்ஸ் கணக்கு குடுக்கணும்னும், ரிப்போர்ட் குடுத்தவங்களை தண்டிக்கக் கூடாதுன்னும் இருக்கு. சிக்குன்னு மாத்திட்டா அந்த கணக்குல இவர் வரவே மாட்டார். அதனால அவர்கிட்ட சொல்லுங்க, வாயால சிக்னு சொல்லவே கூடாது, ஃபடீக்னு சொல்லி, அன்னைக்கே ரிப்போர்ட்டை எழுதி அனுப்பிடணும், குழந்தைக்கு ஜுரம்னா அதையும் எழுதணும். தூங்காததுக்கு காரணம் வீட்டுல இருந்தாலும் ஃபடீக் ஃபடீக்தான். 2024 ஜனவரியில இந்தோனேசியாவுல கெண்டாரியில இருந்து ஜகார்த்தா போன பாத்திக் ஏர் விமானத்துல ரெண்டு பைலட்டும் ஒரே நேரத்துல 28 நிமிஷம் தூங்கிட்டாங்க, 153 பயணிங்க பின்னாடி இருந்தாங்க, நல்ல வேளையா ஒண்ணும் ஆகல. அந்த கோபைலட்டுக்கு வீட்டுல பிறந்து ஒரு மாசமான ரெட்டைக் குழந்தைங்க.

உங்க கடிதத்தை படிச்சதும் எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வந்துச்சு, இத்தனை வருஷத்துல நான் இதை எழுதினதில்ல. ஒரு ஜனவரி மாசம். எங்க ரூம்ல சுவத்துல ரெண்டு கடிகாரம் இருக்கும், ஒண்ணு நம்ம டைம், ஒண்ணு யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், நம்மளை விட அஞ்சரை மணி நேரம் பின்னாடி. கம்ப்யூட்டர் முழுக்க யூடிசிலதான் ஓடும். விடியக்காலை போர்ட் பிளேர் ஃபிளைட்டுக்கு வர வேண்டிய கேப்டன் வயித்து வலின்னு சொல்லிட்டார், நான் லிஸ்ட்ட பாத்து இன்னொருத்தருக்கு போன் போட்டேன். ஸ்க்ரீன்ல நேரம் 20:40-னு இருந்துச்சு. பாக்க சாயங்காலம் மாதிரி இருக்கும், நிஜத்துல ராத்திரி 2:10. வருஷக்கணக்கா அந்த ஸ்க்ரீனையே பாத்து பாத்து அடுத்தவங்க நடுராத்திரி எனக்கு நடுராத்திரியாவே தெரியாம போயிடுச்சு.

போனை எடுத்தது அவர் சம்சாரம். "பன்னெண்டரைக்குத்தான் கண் அசந்தார்மா, வேற யாரும் இல்லையா"ன்னு கேட்டாங்க. நான் சொன்ன பதில் அப்படியே ஞாபகம் இருக்கு: "மேடம், சார் டியூட்டி முடிச்சு 12 மணி நேரம் ஆயிடுச்சு, லீகலா இருக்கார்." அவர் தூங்கலைன்னு அவங்க சொல்றாங்க, நான் கணக்கை சொல்றேன். அவர் வாங்கிப் பேசினார், ஒரு வார்த்தை சண்டை போடல, வந்தார், போனார், மதியம் போல திரும்பி வந்தார். வந்தவர் நேரா எங்க ரூமுக்கு ஏறி வந்து தொப்பிய மேஜை மேல வச்சிட்டு சொன்னார், "அம்மா, இறங்கும்போது ஏடிசி (கன்ட்ரோல் டவர்) ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. என் காதுல விழுந்துச்சு. ஆனா என்னைத்தான் கூப்பிடறாங்கன்னு எனக்கு தோணவே இல்ல. கோபைலட்தான் பதில் சொன்னான்." அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தா நான் அன்னைக்கே மறந்திருப்பேன். பின்னாடி பயணிங்க உக்காந்திருந்த விமானம் அது, அவரை அதுல ஏத்தி விட்டது நான்.

கேள்வி (திருச்சி மாணவர்): நான் ஏரோநாட்டிகல் படிக்கறேன். நிஜமாவே தூக்கக் கலக்கத்தால விபத்து நடந்திருக்கா, இல்ல சும்மா பயமுறுத்தறாங்களா?

பதில்: நடந்திருக்கு தம்பி, நம்ம பக்கத்துலயே. 2010 மே 22 மங்களூர், துபாய்ல இருந்து விடியக்காலை 6 மணிக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. 158 பேர் போயிட்டாங்க, 8 பேர்தான் பிழைச்சாங்க. காக்பிட் ரெக்கார்டர்ல கேப்டன் நீண்ட நேரம் குறட்டை விடற சத்தம் பதிவாகி இருந்துச்சு. முழிச்சதும் மூளை உடனே முழிக்காது, கொஞ்ச நேரம் பாதி தூக்கத்துலயே இருக்கும், அந்த நேரத்துல விமானம் ரொம்ப உயரத்துல வந்துச்சு, கோபைலட் கோ-அரவுண்டுன்னு (இறங்காம திரும்ப மேல ஏறிடுங்கன்னு) திரும்பத் திரும்ப சொல்லியும் கேப்டன் இறக்கினார். மலை உச்சியில இருக்கற ரன்வே, ஓடி முடிஞ்சா பள்ளம்.

ஆனா நீ படிக்க வேண்டிய விபத்து இன்னொண்ணு, அதுல யாரும் சாகல, அதனால நிறைய பேருக்கு தெரியாது. 1993 ஆகஸ்ட் 18, கியூபாவுல இருக்கற அமெரிக்க கடற்படை தளம் குவாண்டனாமோ. டிசி-8 சரக்கு விமானம், மூணு பேர் க்ரூ. ராத்திரி முழுக்க பறந்துட்டு காலைல அட்லாண்டாவுல டியூட்டி முடிஞ்சுதுன்னு வீட்டுக்கு கிளம்பற நேரத்துல ஷெட்யூலிங்ல இருந்து திரும்பக் கூப்பிட்டு இன்னொரு டிரிப் போட்டாங்க. சட்டப்படி பாத்தா பிரச்சனை இல்ல, ஏன்னா திரும்பி வரும்போது காலி விமானம், காலி விமானத்துக்கு டியூட்டி விதி பொருந்தாது. சாயங்காலம் 5 மணிக்கு இறங்க வந்தபோது கேப்டன் 23 மணி நேரத்துக்கு மேல முழிச்சிருந்தார், மத்த ரெண்டு பேரும் 19, 21 மணி நேரம். எல்லை வேலியைக் காட்டற ஒரு விளக்கைத் தேடிக்கிட்டே வந்தார் கேப்டன், அந்த விளக்கு அன்னைக்கு எரியவே இல்ல. வேகம் குறையுது குறையுதுன்னு பக்கத்துல இருந்தவங்க சொல்லியும் அவர் மனசு விளக்கை விட்டு வரல. விமானம் சாய்ஞ்சு ரன்வேக்கு முன்னாடியே விழுந்துச்சு. மூணு பேரும் பலத்த காயத்தோட பிழைச்சாங்க. அப்புறம் விசாரணையில கேப்டன், எனக்கு சோர்வா, எதுலயும் பிடிப்பு இல்லாத மாதிரி இருந்துச்சுன்னு சொன்னார். அமெரிக்க விபத்து விசாரணை போர்டு ஒரு விமான விபத்துக்கு ஃபடீக்தான் காரணம்னு முதல் தடவையா எழுதினது அதுலதான். அந்த காலைல போனை எடுத்து டிரிப்பை மாத்திப் போட்ட ஷெட்யூலரைப் பத்தி நான் நினைக்காத நாள் இல்ல. அவங்களும் லீகலாத்தான் இருக்குன்னு நினைச்சிருப்பாங்க.

2009 பிப்ரவரி 12 பஃபலோ விபத்தையும் பாரு, கோல்கன் ஏர் 3407, 50 பேர். கேப்டன் முந்தின ராத்திரி ஏர்போர்ட் க்ரூ ரூம்லயே படுத்திருந்தார், கோபைலட் நாட்டோட அந்த கோடியில இருந்து ராத்திரி ஃபிளைட் பிடிச்சு வேலைக்கு வந்தவங்க. இறந்தவங்க குடும்பங்க விடாம போராடித்தான் அமெரிக்காவுல 2014 ஜனவரி 4-ல புது ஓய்வு விதி வந்துச்சு, டியூட்டிக்கு முன்னாடி 10 மணி நேரம் ரெஸ்ட், அதுல 8 மணி நேரம் தடையில்லாம தூங்க வாய்ப்பு இருக்கணும்னு. "தூங்க வாய்ப்பு"ங்கற வார்த்தை சட்டத்துல ஏறுச்சு பாரு, அதுதான் பெரிய விஷயம். சரக்கு விமான பைலட்டுங்களை மட்டும் அந்த விதியில சேக்கல, சரக்கு ஏத்திட்டு போறவனுக்கு தூக்கம் வராதா என்ன.

கேள்வி (ஈரோடு வாசகர்): எங்க வீட்டுல ரயில் டிரைவர் இருக்காங்க. அவங்களுக்கும் இதே கதைதான். விமானம்னாத்தான் பேசுவீங்களா?

பதில்: நியாயமான கேள்வி. 2024 ஜூன்ல தென்னக ரயில்வே லோகோ பைலட்டுங்க தினசரி ஓய்வு 16 மணி நேரம், அதுக்கு மேல வார ஓய்வு 30 மணி நேரம், மொத்தம் 46 வேணும்னு நின்னாங்க, பல பேருக்கு நடவடிக்கை வந்துச்சு. சிக்னல் பாத்து நிறுத்தறவங்களுக்கும் கண்ணு ஒண்ணுதான். இதைப் பத்தி தெரிஞ்சவங்களை வச்சு தனியா எழுத ஏற்பாடு பண்றேன், உங்க வீட்டுக்காரங்க பேச தயாரா இருந்தா பத்திரிகைக்கு எழுதுங்க.

கேள்வி (பெங்களூர் வாசகர்): நான் ஐடில இருக்கேன். இவ்வளவு சண்டை எதுக்கு, நல்ல சாஃப்ட்வேர் போட்டா ரோஸ்டர் தானா சரியாகிடாதா?

பதில்: நான் வேலைக்கு சேர்ந்தப்ப ரோஸ்டர் பெரிய சார்ட் பேப்பர்ல பென்சில்ல போடுவோம், மாசக் கடைசியில ரப்பர் தூசி மேஜை முழுக்க இருக்கும். அப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு, சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா தப்பு குறைஞ்சுச்சு. ஆனா ஒண்ணு கவனிச்சேன். பென்சில் காலத்துல விதி 12 மணி நேரம்னா நாங்க பயந்து பதிமூணு பதினாலு விட்டு போடுவோம், கணக்கு தப்பிடக் கூடாதுன்னு. சாஃப்ட்வேர் வந்ததும் 12 மணி நேரம் 5 நிமிஷத்துல அடுத்த டியூட்டிய கொண்டு வந்து ஒட்டுச்சு. விதி சொன்ன ஓரத்தை மெஷின் குறியா எடுத்துக்கிச்சு. அதை அப்படி பண்ணச் சொன்னது மனுஷங்கதான், செலவு குறையணும்னு.

மெஷின் கைவிட்டா என்ன ஆகும்னு பாக்கணும்னா 2022 டிசம்பர்ல அமெரிக்காவுல சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ். பனிப்புயல்ல ஃபிளைட்டுங்க கலைஞ்சதும் எந்த பைலட் எந்த ஊர்ல இருக்காருங்கறதே சிஸ்டத்துக்கு தெரியாம போச்சு, பைலட்டுங்களும் கேபின் க்ரூவும் ஷெட்யூலிங்குக்கு போன் போட்டு மணிக்கணக்கா லைன்ல காத்திருந்தாங்க, சில பேர் ஏர்போர்ட்லயே படுத்தாங்க. 16,000-க்கு மேல ஃபிளைட் கேன்சல், அப்புறம் 14 கோடி டாலர் அபராதம். யூரோப்புல ரயன்ஏர் 2017 செப்டம்பர்ல பைலட் லீவு கணக்கை தப்பா போட்டு ஆறு வாரத்துல 2,100 ஃபிளைட்டை நிறுத்துச்சு. கையில கூடுதலா ஆளே வைக்காம இழுத்துக் கட்டின ஷெட்யூல்னா ஒரு இடத்துல தப்பினாலும் மொத்தமும் அறுந்துடும். சாஃப்ட்வேர் இருக்கற ஆளை பங்கு போடும், இல்லாத ஆளை உண்டாக்காது.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): காபி குடிச்சா போதாதா? இல்ல ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் கொஞ்சம் தூங்கலாமே?

பதில்: காபி அரை மணி நேரம் கழிச்சுத்தான் ஏறும், தூக்கத்தை தள்ளி வைக்குமே தவிர தீர்க்காது. நீங்க சொன்ன ரெண்டாவது யோசனை சரியானதுதான். 1994-ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில நாசா நீண்ட தூர பைலட்டுங்களை வச்சு பாத்தாங்க, முறை போட்டு 40 நிமிஷம் இடைவேளை குடுத்தா சராசரியா 26 நிமிஷம் தூங்கறாங்க, அதுக்கப்புறம் தெளிவாவும் இருக்காங்கன்னு தெரிஞ்சுது. கனடாவுலயும் யூரோப்புலயும் இதுக்கு முறை இருக்கு. அமெரிக்காவுல ரெண்டு பேர் மட்டும் இருக்கற விமானத்துல இன்னும் அனுமதி இல்ல. முறை போட்டு ஒருத்தர் தூங்கறது வேற, கெண்டாரி ஃபிளைட்டுல நடந்த மாதிரி ரெண்டு பேரும் தானா சாயறது வேற. முறைய வெளிப்படையா வச்சா ஒருத்தராவது முழிச்சிருப்பார்.

கேள்வி (குர்கான்ல இருந்து ஒரு தங்கச்சி): அக்கா, எனக்கு 26 வயசு, விழுப்புரம் பக்கம். ஒரு ஏர்லைன்ல க்ரூ ஷெட்யூலரா இருக்கேன். டிசம்பர்ல இருந்து நரகமா இருக்கு. பைலட்டுங்க போன்ல திட்டறாங்க, ஒருத்தர் "உனக்கு மனசாட்சி இருக்கா"ன்னு கேட்டார். ஆள் கிடைக்கலைன்னா டியூட்டி மேனேஜர் டிலேய என் ஷிஃப்ட் கணக்குல எழுதறார். நானும் 12 மணி நேர நைட் ஷிஃப்ட்தான் பாக்கறேன். நான் என்ன பண்ணட்டும்?

பதில்: தங்கம், உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். பைலட்டுக்காவது ஓய்வு விதின்னு ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு ரோஸ்டர் போடற நமக்கு அந்த மாதிரி ஒண்ணு இருக்கறதா நான் வேலை பாத்த வரைக்கும் பாத்ததில்ல. விடியக்காலை 4 மணிக்கு தூங்காத ஒரு பொண்ணு தூங்காத ஒரு மனுஷனை போன்ல எழுப்பி சண்டை போடறா, ஆள் எடுக்காம விட்டவங்க அந்த நேரத்துல வீட்டுல தூங்கறாங்க. உன்கிட்ட மனசாட்சி கேட்ட கேப்டன் மேல கோபப்படாதே, அவருக்கு போன்ல கிடைக்கற ஒரே ஆளு நீதான், அதான்.

நான் செய்யாம விட்டதை நீ செய். போன் போட்டதும் ஃபிளைட் நம்பரை சொல்லாதே. முதல்ல "கேப்டன், தூங்குனீங்களா"ன்னு கேளு. அவர் பதில் சொல்றதுக்குள்ள பாதி சண்டை ஓஞ்சிடும், சொல்ற குரல்லயே உனக்கு தெரிஞ்சிடும். போடறதுக்கு முன்னாடி யூடிசிய நம்ம நேரத்துக்கு மாத்தி ஒரு சீட்டுல எழுதிக்கோ, அவர் வீட்டு கடிகாரத்துல இப்ப மணி என்னன்னு பாத்துட்டு பேசு. அவர் ஃபடீக்னு சொன்னா ஃபடீக்னே எழுது, யார் சொன்னாலும் சிக்னு மாத்தாதே. மேல இருந்து மாத்தச் சொன்னா மெயில்ல சொல்லச் சொல்லு, பெரும்பாலும் மெயில் வராது, விஷயமும் அங்கயே நின்னுடும். ஒவ்வொரு ஷிஃப்ட்டுலயும் எத்தனை ஸ்டாண்ட்பை இருந்தாங்க, எத்தனை பேரை கூப்பிட்ட, எத்தனை மணிக்கு லிஸ்ட் காலியாச்சுன்னு லாக்ல எழுதி வை. டிலேய உன் பேர்ல எழுதறாங்கல்ல, அன்னைக்கு ராத்திரி 1 மணிக்கே ஸ்டாண்ட்பை தீர்ந்து போச்சுங்கறது பக்கத்துல இருந்தா அந்த டிலே யாரோடதுன்னு படிக்கறவங்களுக்கு தெரியும். மூணு மாசம் எழுது. உன் கூட இருக்கற மத்த ஷெட்யூலருங்களையும் எழுதச் சொல்லு, ஒருத்தி எழுதினா புகார்னு ஒதுக்குவாங்க, எல்லாரும் எழுதினா ஒதுக்க முடியாது.

பைலட்டுங்க சங்கத்துல யாரையாவது தெரிஞ்சா ஒரு நாள் பகல் நேரத்துல உங்க ரூமுக்கு கூட்டிட்டு வந்து ஒரு மணி நேரம் உக்கார வை. எங்க காலத்துல ஒரு கேப்டன் அப்படி வந்து உக்காந்தார், மூணு போன் ஒரே நேரத்துல அடிக்கறதை பாத்துட்டு எழுந்து போய் எங்களுக்கு டீ வாங்கிட்டு வந்தார். அதுக்கப்புறம் அவர் போன்ல முடியாதுன்னு சொன்னா முடியாதுன்னு அர்த்தம், முடியும்னா முடியும், நாங்க மறு கேள்வி கேட்டதில்ல.

இன்னொண்ணு. ஷிஃப்ட் முடிஞ்சு காலைல நீ எப்படி வீட்டுக்கு போறன்னு எழுதல. ஸ்கூட்டின்னா அதை ஆபீஸ்லயே விட்டுடு, பனி வேற, கேப்ல போ. போய் சேர்ந்ததும் அம்மாவுக்கு ஒரு போன் பண்ணிட்டு, செல்லை சைலன்ட்ல போட்டுட்டு படு.